ஷிஃப்ட் முடிந்த பிறகும் துரத்தும் மெமோ

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் வில்லியனூரைத் தாண்டி, ஆரியபாளையத்தில் சங்கராபரணிப் பாலம் ஏறி இறங்கினால் சற்றுத் தொலைவில் அரியூர். சர்க்கரை ஆலையை வைத்து அடையாளம் சொல்லப்பட்ட ஊர், இப்போது மருத்துவக் கல்லூரியை வைத்து அறியப்படுகிறது. மேற்கே கொஞ்சம் நகர்ந்தால் கண்டமங்கலம், தமிழ்நாடு. காலை நேரத்தில் இந்தச் சாலையோரம் நின்று பார்த்தால் உழைப்பவர்களின் எல்லா வகையும் கண்ணில் படும். நைட் ட்யூட்டி முடித்து வரும் நர்ஸ், ஹவுஸ்கீப்பிங் பெண்கள், செக்யூரிட்டி, திருபுவனை, சேதராப்பட்டு கம்பெனிகளின் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், தனியார் கல்லூரி உதவிப் பேராசிரியர், அங்கன்வாடி ஊழியர். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. எல்லோரும் இரண்டு மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலாவது இருக்கிறார்கள்.

சம்பளம் தள்ளிப்போனால் ஒரு வரி ஸ்டேட்டஸ் போடத் தோன்றும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒற்றை ஆளாகப் பார்த்துவிட்டு வந்த இரவில் மனசு தாங்காமல் ஏதாவது எழுதத் தோன்றும். தேர்தல் சமயத்தில் பிடித்த கட்சியின் பதிவுக்கு ஒரு லைக். போட்ட கொஞ்ச நேரத்தில் கூட வேலை பார்ப்பவரிடமிருந்து போன் வரும்: “அக்கா, அந்த ஸ்டேட்டஸ எடுத்துடு. எச்.ஆர். பாத்தா வம்பு.” எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான கதைகள் அந்த இடத்திலேயே முடிந்துவிடுவதால் அவை செய்தியாவதும் இல்லை, வழக்காவதும் இல்லை. எடுக்காமல் விட்டவர்களுக்குத்தான் மெமோ, சஸ்பென்ஷன், அல்லது ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று ஒரு போன்.

வேலை நேரத்துக்கு வெளியே, சொந்த போனில், சொந்தக் கருத்தாக ஒருவர் சொல்வதற்கு நிர்வாகம் கணக்குக் கேட்கலாமா? இந்தியாவில் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்கும் தகுதி புதுச்சேரிக்கு இருக்கிறது. வேலை நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை உயிர் கொடுத்து நிலைநாட்டிய மண் இது.

சங்கு ஊதிய பிறகு

1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு நிர்வாகத்தின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். கூலி, வேலை நேரம், சங்கம் வைக்கும் உரிமை ஆகியவையே அவர்களின் கோரிக்கைகள். மறு ஆண்டே, 1937 ஏப்ரலில், எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவில் முதன்முதலாக எட்டு மணி நேர வேலையை வென்ற ஊர் என்று தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு ஜூலை 30-லும் நினைவுகூர்வது இதைத்தான். அந்தப் போராட்டத்தின் தலைவர் வ.சுப்பையா 1934-லேயே ‘சுதந்திரம்’ என்ற இதழைத் தொடங்கியிருந்தார். ஆலைக்குள் சொல்ல முடியாததை வெளியே சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பது சங்கம் கட்டியவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

எட்டு மணி நேரச் சட்டத்தை ஓய்வுக்கான சட்டமாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். முதலாளியின் அதிகாரம் எந்த நிமிடத்தோடு முடிகிறது என்று கோடு போட்டதும் அதே சட்டம்தான். சங்கு ஊதிய பிறகு தொழிலாளி எந்தத் திண்ணையில் உட்காருகிறார், யாரோடு பேசுகிறார், நிர்வாகத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்பது ஆலையின் கணக்கில் வராது. அந்த ஆலைகள் இன்று ஓடவில்லை. சவானாவின் வழிவந்த சுதேசி, கூடவே பாரதி, ஏ.எஃப்.டி. என மூன்றின் கதவும் மூடிக் கிடக்கின்றன. அந்தக் கோடும் இப்போது அழிகிறது. திண்ணைப் பேச்சு போனுக்கு வந்துவிட்டது. போனில் பேசியதை யார் வேண்டுமானாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேனேஜருக்கு அனுப்பலாம்.

இந்த ஊரின் இன்னொரு முன்னுதாரணத்தையும் சொல்ல வேண்டும். கனக சுப்புரத்தினம் 1909-ல் பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து 1946-ல் ஓய்வு பெற்றவர். சாதிக்கும் மூடப்பழக்கத்துக்கும் எதிராக அவர் எழுதிய பெரும்பகுதி, அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அந்த 37 ஆண்டுகளில் எழுதப்பட்டது. கிறுக்கன், கிண்டல்காரன், கண்டெழுதுவோன் என்று புதுவை இதழ்களில் பல பெயர்களில் எழுதினார். அவற்றில் பாரதிதாசன் என்ற பெயர் நிலைத்தது. பள்ளிக்கூட மணி அடித்த பிறகு ஓர் ஆசிரியர் எழுதியவை நமக்கு ஓர் இயக்கத்தின் கவிதைகளாயின.

இன்று புதுச்சேரியில் ஓர் அரசு ஆசிரியர் அதே சூட்டோடு முகநூலில் எழுதினால், புனைபெயரும் அவரைக் காப்பாற்றாது. இங்குள்ள அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் 1964-ஆம் ஆண்டு குடிமைப்பணி நடத்தை விதிகள் பொருந்துகின்றன. அவற்றில் 9-வது விதி, சொந்தப் பெயரிலோ, பெயர் போடாமலோ, புனைபெயரிலோ, அடுத்தவர் பெயரிலோ அரசின் கொள்கையையும் நடவடிக்கையையும் குறைகூறும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. வானொலி, பத்திரிகை, பொதுக்கூட்டம் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதிய விதி. வீட்டில் தொலைபேசி இருந்தாலே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் பிறந்தது. அறுபது வருடம் கழித்து, பள்ளித் தோழர்கள் இருபது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

பதினாறு பேர் படித்த ட்வீட்

இணையப் பேச்சுக்காகக் கைதாவது என்ற வழக்கத்தின் ஆரம்பத்திலும் புதுச்சேரி இருக்கிறது. 2012 அக்டோபர் இறுதியில், இங்கே சிறுதொழில் நடத்திவந்த ஒருவரை அதிகாலையில் வீடு தேடி வந்து போலீஸ் கைது செய்தது. அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி அவர் போட்ட ஒரு ட்வீட்தான் காரணம். அவரை அப்போது பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் 16 பேர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு பாய்ந்தது. அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் முகநூல் பதிவுக்காகக் கைதாக, நாடே கொதித்தது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66-ஏ பிரிவை ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பு குடிமகனைப் போலீஸிடமிருந்து காப்பாற்றியது. சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவரிடமிருந்து காப்பாற்ற அதனால் முடியவில்லை. சிறைக்குப் பயப்படுகிறவர்களை விட, மாதக் கடைசியில் கட்ட வேண்டிய குழுக்கடன் தவணைக்குப் பயப்படுகிறவர்கள் நம் ஊர்களில் பல மடங்கு அதிகம்.

2017 ஜனவரியில் புதுச்சேரி அரசே இந்த விஷயத்தில் இரண்டாகப் பிளந்தது. அன்றைய முதல்வர் நாராயணசாமி, அரசு அதிகாரிகள் வாட்ஸ்அப், முகநூல், ட்விட்டரில் அலுவல் தகவல்களைப் பரிமாறக் கூடாது என்று உத்தரவிட்டார். அவற்றின் சர்வர்கள் வெளிநாட்டில் இருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சில நாட்களிலேயே அதை ரத்து செய்தார். அதற்குச் சற்று முன்புதான், ஆளுநரும் அதிகாரிகளும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் ஆபாசக் காணொளிகளைப் பகிர்ந்ததாக ஓர் அதிகாரி சஸ்பெண்ட் ஆகியிருந்தார். 2019 ஏப்ரலில், ஆளுநரின் அதிகாரம் குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.மகாதேவன், அரசு அலுவலுக்கு அங்கீகரிக்கப்பட்ட வழிகளையே அதிகாரிகள் பயன்படுத்த வேண்டும் என்ற கருத்தையும் சேர்த்துத் தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

இவ்வளவு பெரிய சண்டையில் யாருமே பேசாதது ஒன்று உண்டு. ஆறு மணிக்கு மேல் ஓர் எழுத்தரோ கிராம நிர்வாக அலுவலரோ குடிமகனாகப் பேசலாமா? அந்த உரிமைக்கு எந்தத் தரப்பும் வக்காலத்து வாங்கவில்லை.

மதுரையிலிருந்து வந்த தீர்ப்பு

வக்காலத்து வாங்கியது 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. தமிழ்நாடு கிராம வங்கியின் ஆறுமுகநேரி கிளையில் வேலை பார்த்த அலுவலக உதவியாளர் ஒருவர், சங்க நிர்வாகியும் கூட. வங்கி நிர்வாகத்தின் சில முடிவுகளை விமர்சித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் பதிவு போட்டார். அதிகாரிகளைக் கிண்டலும் செய்திருந்தார். நிர்வாகத்திடமிருந்து குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஊழியர்கள் சமூக ஊடகத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வங்கி முன்பே சுற்றறிக்கை விட்டிருந்தது.

நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்தக் குறிப்பாணையையே ரத்து செய்தார். அவர் போன வழிதான் முக்கியம். நிர்வாகத்தின் மீது ஊழியருக்கு மனக்குறை இருப்பது இயல்பு, அதைக் கொட்டித் தீர்க்க அவருக்கு உரிமை உண்டு, கொட்டித் தீர்ப்பது நிறுவனத்துக்கும் நல்லது என்றார். அதனால் நிறுவனத்தின் பெயர் நிஜமாகவே கெடும் நிலை வந்தால் மட்டுமே நிர்வாகம் தலையிடலாம், அதுவரை கூடாது. வீட்டுக்குள் நண்பர்கள் கூடி மேலதிகாரியைப் பற்றி வம்பு பேசினால் யாரும் நடவடிக்கை எடுப்பதில்லையே, வெளியார் நுழைய முடியாத ஒரு குழுவில் பேசினால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பதே அவர் வைத்த கேள்வி. விதிவிலக்கையும் அவரே சொன்னார். பெண் அதிகாரியைப் பாலியல் ரீதியாகக் கொச்சைப்படுத்தினாலோ, சட்டவிரோதச் செயலுக்குத் திட்டம் தீட்டினாலோ அது ஒழுங்கீனம்தான், குழு மூடியதா திறந்ததா என்பது அங்கே எடுபடாது.

நிரூபிக்கும் சுமையை இந்தத் தீர்ப்பு இடம் மாற்றி வைத்தது. வழக்கமாக ஊழியர்தான், தன் பதிவு யாரையும் புண்படுத்தவில்லை என்று மன்றாட வேண்டியிருக்கும். இங்கே, என்ன பாதிப்பு வந்தது என்று நிர்வாகம் சொல்ல வேண்டியதாயிற்று. ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்’ என்று டைப் அடித்த ஒற்றை வரியை வைத்து ஒருவரின் வருமானத்தை நிறுத்தும் பழக்கத்துக்கு இதைவிடச் சரியான பதிலை நான் பார்த்ததில்லை.

திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியிலேயே ஒரு படி போயிருந்தது. மீன்வளத் துறை ஊழியர் ஒருவர் அரசியல் கூட்டத்துக்குப் போனார், முகநூலில் அரசியல் பதிவு போட்டார் என்று, ஓய்வு பெறச் சில நாட்களே இருந்தபோது சஸ்பெண்ட் செய்யப்பட்டார். ஓய்வூதியப் பலன்கள் நின்றன. அரசு ஊழியர் என்பதால் பேச்சுரிமை இல்லாமல் போய்விடாது, விதிகளுக்கு உட்பட்டுத் தன் நம்பிக்கையைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்றார் தலைமை நீதிபதி அகில் குரேஷி. 1962-ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அரசு வேலையில் சேர்வதால் ஒருவர் அடிப்படை உரிமைகளை இழப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சி இது. அந்தப் பழைய தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராஜகோபால அய்யங்கார்.

எல்லாத் தீர்ப்புகளும் ஊழியர் பக்கம் இல்லை. 1998-ல் கர்நாடக அரசு நிறுவன ஊழியர் ஒருவர் தன் நிர்வாகத் தலைமையின் மீது புகார் சொல்லி ஆளுநருக்கு எழுதியதற்கும், பத்திரிகை அறிக்கை விட்டதற்கும் வேலையிலிருந்து நீக்கப்பட்டது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். நிறுவனத்தின் ஒழுங்குக்காகப் பேச்சுக்கு வரம்பு வைக்கலாம் என்பது அதன் சாரம். இன்றும் நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர்கள் முதலில் நீட்டுவது இதைத்தான்.

தனியார் கம்பெனிக்குப் பதில் 1980-களிலேயே வந்துவிட்டது. கிளாக்ஸோ வழக்கில், ஆலைக்கு வெளியே நடந்ததற்காகத் தொழிலாளர்களை நீக்கியது பற்றிய விசாரணை. ஆலையின் ஒழுங்கு விதிகளான நிலையாணைகள் வேலையிடத்தைக் குறித்தவை, நாட்டின் சட்டம் ஒழுங்குக்கு முதலாளி காவலர் அல்ல, வெளியே நடந்ததை ஒழுங்கீனம் என்று சொல்ல வேலையிடத்தோடு அதற்குத் தொடர்பு காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. முகநூல் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதியது, இன்றைய வாட்ஸ்அப் மெமோவுக்கு அப்படியே பொருந்துகிறது. சங்கங்கள் இதை இன்னும் அதிகம் கையில் எடுக்க வேண்டும்.

மெமோ கூட வராதவர்கள்

மேலே சொன்ன எல்லோருக்கும் ஒரு வசதி இருந்தது. அவர்கள் கையில் ஒரு காகிதம் இருந்தது. குறிப்பாணை, சஸ்பென்ஷன் ஆணை என்று ஏதோ ஒன்று. அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போக முடிந்தது. சஸ்பெண்ட் ஆன அரசு ஊழியருக்குப் பாதிச் சம்பள அளவிலாவது பிழைப்பூதியம் வரும். மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டைக் கொடுக்காமல் சஸ்பென்ஷனை இழுக்கக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் அஜய்குமார் சௌத்ரி வழக்கில் சொல்லியிருக்கிறது.

அரியூர்ப் பக்கம் காலையில் கம்பெனி பஸ் ஏறும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இதில் எதுவும் கிடையாது. அவரை வேலைக்கு எடுத்தது ஏஜென்சி. வேலை வாங்குவது கம்பெனி. சூப்பர்வைசர் ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டு ‘இந்த ஆள் வேண்டாம், வேற ஆள் அனுப்பு’ என்றால் விஷயம் முடிந்தது. காரணம் எங்கேயும் எழுதப்படாது. கேட்டில் பயோமெட்ரிக் விரலை ஏற்காது, அவ்வளவுதான். ஸ்டேட்டஸுக்காகத்தான் வேலை போனது என்று அவர் எப்படி நிரூபிப்பார்? தனியார் பள்ளி ஆசிரியருக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். கல்வியாண்டு முடிவில் ‘அடுத்த வருஷம் தேவைப்படாது’ என்று சொல்லிவிடுவார்கள்.

அரசு சார்ந்த இடங்களிலும் இந்த இரண்டாம் வரிசை உண்டு. புதுச்சேரிக்கே பழகிப்போன வவுச்சர் ஊழியர்கள், தினக்கூலிகள், பாசிக், பாப்ஸ்கோ போன்ற அரசு நிறுவனங்களில் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் தெருவில் இறங்கிப் போராடியவர்கள். சம்பளம் வரவில்லை என்று எழுதுவது நிறுவனத்துக்கு அவமானம் என்றால், அந்த அவமானம் சம்பளம் தராததிலிருந்து வருகிறது. எழுதியவர் மீது அதைச் சுமத்துவதை எந்த விதியாலும் நியாயப்படுத்த முடியாது.

சட்டமும் இவர்களைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. எதெது ஒழுங்கீனம் என்று எழுத்தில் பட்டியலிடும் நிலையாணைகள், முந்தைய மத்தியச் சட்டப்படி 100 பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கே கட்டாயம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. நம் கொம்யூன்களில் இருக்கும் சின்னச் சின்னக் கம்பெனிகளில் 300 பேரை எங்கே தேடுவது? எழுதிய விதியே இல்லாத இடத்தில் மேனேஜரின் கோபம்தான் விதி.

2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பேச்சுரிமை தரும் 19-வது பிரிவை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்று பெரும்பான்மையாகச் சொன்னது. தனியார் முதலாளிக்கு எதிராக அந்தக் கதவைத் தட்ட ஒரு வேலை இழந்த தொழிலாளிக்குப் பணமும் வருடங்களும் வேண்டும். அவர் சார்பில் ஒரு சங்கம் அதைச் செய்ய வேண்டும்.

வெளியே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. துருக்கியில் கல்வி அமைச்சகத்தின் கீழ் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருந்த ஒரு பெண், முகநூலில் அடுத்தவர்களின் பதிவுகளுக்கு லைக் போட்டதற்காக வேலை இழந்தார். 2021-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. லைக் என்பது ஆதரவைக் காட்டும் ஒரு வழி மட்டுமே, அவர் வேலையில் அவருக்கு இருந்த இடமும் செல்வாக்கும் சிறியது, அந்த லைக்கால் பணியிடத்தில் என்ன பாதிப்பு வந்தது என்று உள்ளூர் நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்றது. துப்புரவுப் பணியாளரின் பேச்சுரிமைக்கும் அந்த நீதிமன்றம் முழு மதிப்புக் கொடுத்தது.

எல்லை எங்கே

எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வார்டில் படுத்திருக்கும் நோயாளியின் முகத்தை ரீல்ஸில் போடும் நர்ஸை மருத்துவமனை கண்டிக்கத்தான் வேண்டும், அது நோயாளியின் உரிமை. மாணவியின் மதிப்பெண்ணையோ குடும்பச் சங்கடத்தையோ பொதுவில் எழுதும் ஆசிரியருக்கும் அதேதான். சக ஊழியரைச் சாதி சொல்லித் திட்டுவதையும், பெண்களைக் குறிவைத்து அசிங்கமாக எழுதுவதையும் பேச்சுரிமைக்குள் அடைக்க முடியாது. அலுவலகக் கோப்பைப் போட்டோ எடுத்துப் பரப்புவதும் வேறு விஷயம். இதிலெல்லாம் பாதிக்கப்பட்ட ஓர் ஆள் இருக்கிறார்.

கட்சிக்கு லைக் போடுவதிலும், சம்பள நிலுவையைச் சொல்வதிலும், வார்டில் ஆள் பற்றவில்லை என்று எழுதுவதிலும் பாதிக்கப்பட்ட ஆள் யார்? மேலதிகாரியின் கௌரவம் மட்டும்தான். 2021 ஏப்ரல் இறுதியில், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், ஆக்ஸிஜன் கேட்டும் படுக்கை கேட்டும் சமூக ஊடகத்தில் எழுதுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உள்ளே இருந்து வரும் குறைதான் வெளியே இருப்பவர்களின் உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு அந்த மாதங்களே சாட்சி. மருத்துவமனை ஊழியரின் வாயை அடைத்தால் நோயாளிக்குத்தான் முதலில் தெரியாமல் போகும்.

புதுச்சேரி அரசு இதில் செய்யக்கூடியது அதிகம். மதுரைக் கிளையின் தீர்ப்பை அடிப்படையாக வைத்து, வேலை நேரத்துக்கு வெளியே சொன்ன கருத்துக்கு நடவடிக்கை எடுப்பதற்கு முன் ஏற்பட்ட பாதிப்பை எழுத்தில் காட்ட வேண்டும் என்று தன் துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். தன் கான்ட்ராக்ட் ஒப்பந்தங்களில், ஆளை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். இரண்டுக்கும் பணச் செலவு இல்லை.

அதுவரை, மெமோ வந்தவர்கள் பதற்றத்தில் உடனே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள், பிறகு அதுவே ஒப்புதலாகிவிடும். எந்த விதியின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ஒற்றை ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் முன்னும் பின்னுமான முழு உரையாடலையும் கேளுங்கள். பதில் தர அவகாசம் கேட்டு அந்தக் கடிதத்துக்கு ஒப்புகை வாங்குங்கள். வேலையை விட்டு நிறுத்திவிட்டால், வாய்மொழியாக நிறுத்தியிருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போக வழியிருக்கிறது. போகும்போது போட்ட பதிவின் நகல், கடைசியாகச் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி ஐ.டி. கார்டு மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.